உலர்ந்த பனியன்

வாசலைத் தாண்டும்போது குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் தேவைக்கு மேல் உடுத்திவிட்டோம் என்று அர்த்தம். பத்து நிமிடம் மிதித்தால் உடம்பு தானாகச் சூடாகும். மேடு ஏறும்போது வியர்க்கும். கனத்த துணிக்குள் அந்த வியர்வை மாட்டிக்கொண்டால், இறக்கத்தில் காற்று பட்ட மாத்திரத்தில் அதுவே ஈரச்சாக்கு மாதிரி முதுகில் ஒட்டும். குளிர்காலத்தில் சைக்கிள்காரனைப் படுக்கவைப்பது பெரும்பாலும் அவனுடைய சொந்த வியர்வைதான்.

ஆகவே உடம்பை ஒட்டி, மெல்லிய கம்பளி பனியன். பருத்தி கூடவே கூடாது. அது குடித்த ஈரத்தை விடாது. அதன் மேல் முழுக்கைச் சட்டை ஒன்று. அதற்கும் மேல், நெஞ்சுப் பக்கம் காற்றைத் தடுத்து முதுகுப் பக்கம் காற்றை விடுகிற ஜாக்கெட். முட்டியில் சதை கிடையாது என்பதால் அதை எப்போதும் மூட வேண்டும். காதை மூடி ஒரு கம்பளிப் பட்டை, கைக்கு உறை. சாதாரணக் காலணியைவிட அரை அளவு பெரிய காலணி, உள்ளே இரண்டு காலுறை, கயிற்றை இறுக்காமல் கட்ட வேண்டும். இறுக்கினால் ரத்தம் விரல் நுனிக்குப் போகாது. இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு துணி போட்டாலும் அது பயத்துக்குப் போடுகிற துணி.

எங்கள் வீட்டு நடையில் ஒரு நீள பெஞ்சு உண்டு. குளிர்காலம் முழுக்கக் காலை ஆறரைக்கு அதன் ஒரு முனையில் நான் உட்கார்ந்து உடுத்துவேன், மறுமுனையில் என் தம்பி. எனக்கு அறுபத்தொன்பது, அவனுக்கு அறுபத்து நான்கு. நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைகளுக்குப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பது என் வேலை. அவன் பல் கட்டுகிறவன். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்து, அசல் பல்லின் மஞ்சளும் கீறலும் அப்படியே வரும்படி பொய்ப் பல் செய்வான். அவன் செய்த பல்லைத் தட்டிப் பார்த்து, "இது கூசுதா?" என்று கேட்ட டாக்டர்கள் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறான். என் மனைவி அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து.

இரண்டு குளிர்காலமாக அவன் கூடுதலாக உடுத்தத் தொடங்கியிருந்தான். முதலில் ஜாக்கெட்டுக்குள் கையில்லாத ஒரு ஸ்வெட்டர். பிறகு கழுத்தைச் சுற்றி ஒரு துணி. இந்த வருடம் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த கோட்டே வந்துவிட்டது.

"மெத்தையையும் முதுகுல கட்டிக்கோயேன். எங்கயாவது படுத்துக்கலாம்" என்பேன்.

"குளிருதுண்ணா. மைனஸ்ல இருக்கு வெளிய."

"மிதிச்சா குளிர் போயிடும்."

"மிதிக்கறேன்ணா."

வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஆகாத வயது அவனுக்கு ஆகிறதே என்று கொஞ்சம் வருத்தப்பட்டதும் உண்டு.

எங்கள் ஊரில் காலைச் சைக்கிள் சங்கம் ஒன்று இருக்கிறது. முப்பது பேர். குளிர் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலை மேல் இருக்கிற அணை வரை பதினோரு கிலோமீட்டர் எல்லோரும் ஏறுவார்கள். அணையின் காவல்காரர் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். ஏறியவர்களின் பெயரை எழுதி, எதிரே "தன் காலால் மிதித்து ஏறினார்" என்று எழுதி, அதன் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கையெழுத்து என்னுடையது. பரிசு எதுவும் கிடையாது. ஆனால் அந்த நோட்டில் பெயர் இருக்கிறது என்றால் அந்த மனிதன் ஏறியிருக்கிறான் என்று ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் அப்பா கடை வைத்திருந்தவர். அவர் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வீட்டுக்குப் போய் யாரும் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சொத்து என்று அது ஒன்றுதான். அந்த நோட்டிலும் நான் அதைத்தான் காப்பாற்றி வந்தேன்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் அதில் ஒருவர் பெயரை அடித்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் சைக்கிளின் சீட்டுக்குக் கீழே போகும் குழாயைத் தற்செயலாகத் தொட்டேன். எல்லாக் கம்பியும் விரலைக் கடிக்கிற குளிரில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. சீட்டைக் கழற்றச் சொன்னேன். குழாய்க்குள் விரல் தடிமனில் ஒரு மோட்டார். தம்பிதான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முட்டி போயிடுச்சு சார். உங்க எல்லாரோடயும் வரணும்னு ஆசை" என்றார் தபால்காரர்.

"ஆசைப்படறவங்க பேரை எழுதற நோட்டு இல்ல இது" என்றேன்.

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கீழே இறங்கினார். அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை, என்னைப் பார்த்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். அந்த வருடத்திலிருந்து அணை மேல் ஒவ்வொருவர் சைக்கிளையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். தம்பியின் சைக்கிளை மட்டும் தொட்டதில்லை. ஊர்த் தராசை எல்லாம் சோதித்தவன்தான் நான். என் வீட்டுத் தராசைச் சோதிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருடத்து ஏற்றத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, நாங்கள் இருவரும் பயிற்சிக்காக அணை வரை போனோம். சாலையோரப் புல் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. மூக்கிலிருந்து வழிந்த நீர் மீசையில் உறைந்தது. எட்டாவது கிலோமீட்டர் வளைவில் எனக்கு மூச்சு முட்டியது. தம்பி பக்கத்திலேயே வந்தான், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு.

"அந்த முன் பல்லை டாக்டர் மறுபடி அனுப்பிட்டாருண்ணா. ரொம்ப வெள்ளையா இருக்காம். பல்லு வெச்சுக்கற அந்தம்மாவுக்கு வெள்ளையாத்தான் வேணும். அசல் மாதிரி இருக்கட்டும்னு டாக்டர் சொல்றாரு, அழகா இருக்கட்டும்னு அந்தம்மா சொல்றாங்க. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்."

பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.

மேலே போனதும் ஈர பனியனைக் கழற்றி உலர்ந்ததை மாற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். காவல்காரர் அறைக்குள் போய் நான் மாற்றினேன். கழற்றியதைப் பிழிந்தால் சொட்டும். தம்பி வாசலில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்திக்கோ."

"வேண்டாம்ணா. அப்படி ஒண்ணும் நனையல."

"அந்தக் கோட்டுக்குள்ள நனையாம இருக்குமா? இறக்கத்துல விறைச்சுப் போகப்போற. கழட்டு."

"இல்லண்ணா, பரவால்ல."

சின்ன வயதில் அவன் காய்ச்சலை மறைக்கும்போது செய்வதைப் போலவே இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கிட்டே போய், கோட்டைத் தூக்கி, முதுகில் பனியனுக்கு மேல் கையை வைத்தேன். அலமாரியிலிருந்து இப்போதுதான் எடுத்ததைப் போல் உலர்ந்திருந்தது. கதகதப்பாகக்கூட இல்லை.

பதினோரு கிலோமீட்டர் மேடு ஏறிய மனிதனுக்கு, அதுவும் பஞ்சுக் கோட்டுக்குள், ஒரு சொட்டு வியர்வை இல்லை. உடம்புக்கு ஏதோ பெரிதாக வந்திருக்கிறது, அதனால்தான் இரண்டு வருடமாகக் குளிர் குளிர் என்கிறான், நான்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவனை முன்னால் விட்டுப் பின்னாலேயே வந்தேன், விழுந்துவிடுவானோ என்று.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைச் சமையலறைக்குள் தனியாகப் பிடித்தேன்.

"சின்னவனுக்கு வியர்க்கவே மாட்டேங்குது. பனியன் அப்படியே காஞ்சு கிடக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "சில பேருக்கு வியர்க்காதுங்க" என்றாள்.

"அறுபது வருஷமா வியர்த்தவனுக்கு இப்ப எப்படி வியர்க்காம போகும்?"

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். அப்புறம் பாக்கலாம். இப்பவே போய் அவரைப் பயமுறுத்தாதீங்க."

கொழுந்தன் மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

சனிக்கிழமை மதியம் என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. டயரைக் கழற்றும் நெம்பி என் பையில் இல்லை. தம்பி வேலைக்குப் போயிருந்தான். அவன் சைக்கிள் நடையில் சுவரோடு சாய்ந்திருந்தது. சீட்டுக்கு அடியில் தொங்கும் அவனுடைய கருவிப் பையைத் திறந்தேன்.

பைக்குள் கம்பளி இருந்தது. கம்பளியாலேயே ஒரு உறை தைத்து, அதைப் பைக்குள் பதித்திருந்தார்கள். அரக்கு நிறம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நெம்பிக்கும் ஒட்டுப் பசைக்கும் எதற்கு ஸ்வெட்டர்? விரலால் விலக்கினேன். உள்ளே செங்கல் பாதி அளவில் ஒரு பேட்டரி, ஒயர் ஒன்று சீட்டுக் குழாய்க்குள் போனது. பேட்டரிக்குக் குளிர் ஆகாது, சக்தி பாதியாக இறங்கிவிடும். அதனால் அதற்கும் உடுத்தியிருக்கிறார்கள்.

கம்பளியை வெளியே எடுத்துப் பார்த்தேன். முழங்கை தேய்ந்த இடத்தில் இழையோட்டி அடைத்த தையல் இருந்தது. தையலை முடிக்கும்போது இரண்டு தடவை பின்னால் போய் வருவது என் மனைவியின் கைப்பழக்கம். அது என் ஸ்வெட்டரின் கை. பூச்சி அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று போன வருடம் சொன்னாள். போனால் போகிறது என்றேன்.

பதற்றப்படாமல் வேலை செய்தேன். சீட்டைக் கழற்றினேன். குழாய்க்குள் டார்ச் அடித்தேன். மோட்டார் இருந்தது. வேலையில் இருந்த காலத்தில், அடியில் குடைந்து ஈயத்தை எடுத்த எடைக்கல்லைப் புரட்டும்போது எனக்குக் கோபம் வந்ததில்லை. அது அந்நியனுடைய கல். இது என் வீட்டுக் கல். இரண்டு வருடமாக அவன் பக்கத்தில் பேசிக்கொண்டே ஏறியது, குளிருதுண்ணா என்று முனகியது, எல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தன. காலுக்கு வேலை இல்லாதவனுக்குக் குளிரத்தானே செய்யும். இருபது வருடமாக உடுத்தும் முறையைப் பேசிப் பேசி வாய் வலித்தவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்த முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பி என்பதால் வியாதி என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் திருட்டு என்று நினைத்திருப்பேன்.

பேட்டரியைக் கழற்றிக் கம்பளியோடு சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன்.

முதலில் என் மனைவிதான் வந்தாள். பார்த்தாள். அது என்ன என்று அவள் கேட்கவில்லை.

"எதுக்குங்க அதை எடுத்தீங்க?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். தம்பி நாலு மணிக்கு வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

அவன் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்ததும் கையில் இருந்த சாவியை மெதுவாக வைத்தான்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம்."

"நோட்டுல ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும்ணா."

"தன் காலால் மிதிச்சு ஏறினார்னு என் கையால எழுதியிருக்கேன். நீ பக்கத்துல நின்னு பேனா குடுத்த."

மனைவி சொன்னாள்:

"டாக்டர்கிட்ட காட்டணும்னீங்களே, அதெல்லாம் எப்பவோ காட்டியாச்சு. இதயத்துல ஒரு வால்வு சரியா மூடலையாம். மேடு ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டார். ரெண்டு வருஷம் ஆகுது."

"யார் கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஏறாதேன்னு சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான்ணா சொல்லல" என்றான் தம்பி. இப்போதுதான் என்னை நேராகப் பார்த்தான். "ஏறாதவங்ககிட்ட நீ பேசி நான் பாத்ததில்ல. காலையில அந்த பெஞ்சுல உட்கார்ந்து காலுறை மாட்டற அரை மணி நேரம்தான் நீ என்கிட்ட பேசற நேரம். அதுவும் திட்டத்தான் செய்வ. அதுவும் போச்சுன்னா இந்த வீட்டுல நான் யாரு, வாடகைக்கு இருக்கறவனா?"

"என்னை ஏமாத்தினதுக்கு என் மேல பாசம்னு பேர் வைக்காதே."

"பாசம்னு நான் சொல்லல. பயம்னுதான் சொல்றேன்."

"யார் மாட்டினது இதை? சைக்கிள் கடைக்காரனா?"

"ஆமா."

"அவனுக்கு எங்க கிடைச்சுது?"

தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்பதைப் போல் லேசாகத் தலையசைத்தாள். என் மேஜையில், என் முன்னால், அவர்களுக்குள் இப்படி ஒரு ஜாடை ஓடுவதை அன்றுதான் பார்த்தேன். எத்தனை நாள் இப்படி ஓடியதோ.

"சொல்லு."

"தபால்காரரோடதுண்ணா. கழட்டிப் போட்டிருந்தார். நான் போய்க் கேட்டேன், குடுத்தார்."

பேட்டரியைத் தள்ளி வைத்தேன்.

"அவர் வீட்டுக்குப் போனியா?"

"மாசம் ஒரு தடவை போவேன். அண்ணியும் வருவாங்க. அவர் முட்டிக்கு இவங்க ஏதோ எண்ணெய் காய்ச்சிக் குடுப்பாங்க."

"அவர் என்ன சொன்னார்? குடுக்கும்போது?"

"ஒண்ணும் சொல்லல. அண்ணன்கிட்ட மாட்டிக்காதீங்க தம்பின்னார். அவ்வளவுதான்."

நான் ஊர் முன்னால் நிறுத்தி அனுப்பிய மனிதர், என்னைக் கண்டால் சாலை மாறிப் போனவர், இரண்டு வருடமாக என் வீட்டு ரகசியத்தை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் ஒதுங்கியது வெட்கத்தால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சிரிப்பை அடக்கத்தான் ஒதுங்கினாரோ, அல்லது என்னைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ, யார் கண்டது. இரண்டில் எது என்றாலும் எனக்கு விழுங்க முடியவில்லை.

"நாளைக்குத் தம்பி வர மாட்டார்ங்க" என்றாள் மனைவி. "காய்ச்சல்னு சொல்லிடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம். இந்த வருஷத்தோட விட்டுடலாம்."

"காய்ச்சல்னு நான் சொல்லணும்?"

"ஒரு வார்த்தைதானே."

"என்னையும் உங்க கூட்டத்துல சேத்துக்கறீங்களா?"

அவள் முகம் சிவந்தது. "கூட்டமா? நான் உங்க பெண்டாட்டி. அவர் உங்க தம்பி. உங்களுக்கு வேண்டியவங்கன்னு வேற யார் இருக்காங்க, அந்த நோட்டுப் புத்தகமா?"

நான் எழுந்து போய் என் டயரைப் பார்த்தேன். நெம்பி இல்லாமலே விரலால் கழற்றினேன். நகம் ஒன்று பிளந்தது.

ஞாயிறு காலை பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். பனியன், சட்டை, ஜாக்கெட். முதுகுப் பக்கம் ஜாக்கெட்டின் அடி மடங்கி நின்றால் தம்பிதான் இழுத்துவிடுவான். அன்று சுவரில் முதுகைத் தேய்த்து நானே சரி செய்தேன். சமையலறையில் விளக்கு எரிந்தது. மனைவி வெளியே வரவில்லை. மாடியில் தம்பியின் அறையில் நடமாடும் சத்தம் கேட்டது. அவன் எழுந்துதான் இருந்தான். நான் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டேன். வாசலில் நன்றாகக் குளிர்ந்தது.

அணை மேல் இருபத்தாறு பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லோர் உடம்பிலிருந்தும் ஆவி எழுந்தது. எங்கள் சங்கத்தில் எனக்கு அடுத்து மூத்தவர் பேக்கரிக்காரர். காவல்காரர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் தம்பி?" என்றார் பேக்கரிக்காரர்.

பதில் சொல்லாமல் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். போன வருடத்துப் பக்கம். அதற்கு முந்தின வருடத்துப் பக்கம். இரண்டிலும் தம்பியின் பெயரை நீளக் கோடு போட்டு அடித்தேன். கீழே என் கையெழுத்தையும் அடித்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"எல்லாரும் கொஞ்சம் கேக்கணும். என் தம்பி ரெண்டு வருஷமா மோட்டார் வெச்ச சைக்கிள்ல ஏறியிருக்கான். நான் சோதிக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன் பேரை அடிச்சுட்டேன். தப்பு என்னோடதும்தான். இனிமே இந்த நோட்டு என்கிட்ட இருக்கக் கூடாது."

நேற்று மாலையிலிருந்து இந்தச் சொற்களை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் ஒரு சலசலப்பு வரும், யாராவது "ஐயோ" என்பார்கள், யாராவது தபால்காரரைப் பற்றிப் பேச்செடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிலர் தேநீரைப் பார்த்தார்கள். ஒருவர் கையுறையை மாட்டத் தொடங்கினார். பேக்கரிக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"எதுக்கு சார் இதெல்லாம். எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அந்த மோட்டார் சத்தம் போடும் சார். மேட்டுல ஏறும்போது கொசு ரீங்காரம் மாதிரி கேக்கும். பின்னாடி வர்ற எல்லாருக்கும் கேக்கும். நீங்க காதை மூடிக் கம்பளி கட்டியிருப்பீங்க. போன வருஷம் இல்ல, அதுக்கு முன்ன வருஷமே தெரியும்."

"எல்லாருக்குமா?"

அவர் தலையாட்டினார்.

"தெரிஞ்சுமா அந்த நோட்டுல என் கையெழுத்து வாங்கிக்கிட்டீங்க?"

"உங்க முகத்துக்காகத்தான் சார் பேசாம இருந்தோம். நீங்க வருஷம் முழுக்கத் தம்பி தம்பின்னு பெருமையா சொல்லுவீங்க. அதைப் போய் உடைக்கறதா?"

"அப்ப தபால்காரருக்கு மட்டும் ஏன் யாரும் பேசாம இருக்கல? அன்னிக்கு எல்லாரும் வேடிக்கை பாத்தீங்களே?"

பேக்கரிக்காரர் நல்ல மனிதர், குத்திக் காட்டத் தெரியாதவர். அதனால்தான் அவர் சொன்னது அப்படி இறங்கியது.

"அவருக்கு அண்ணன்னு யாரும் இல்லையே சார்."

இருபத்திரண்டு வருடமாக அந்த நோட்டில் என் முத்திரை இருக்கிறது என்று இருந்தேன். இரண்டு வருடமாக அது ஊரே சேர்ந்து எனக்குக் கொடுத்து வைத்திருந்த கிலுகிலுப்பை. பேனாவை மூடினேன். புதுப் பக்கத்தில் யார் பெயரையும் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. நோட்டைக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். "தேநீர் குடிச்சுட்டுப் போங்க சார்" என்று யாரோ கூப்பிட்டார்கள். நோயாளியிடம் பேசுகிற குரலில்.

இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்ததில் விரல்கள் மரத்துப்போயின. ஊருக்குள் நுழையும்போது எந்த விரல் எது என்று தெரியவில்லை.

வாசலில் தம்பி நின்றிருந்தான். வீட்டில் போடுகிற சட்டையோடு, செருப்புகூட இல்லாமல். எவ்வளவு நேரமாக நின்றானோ, உதடு வெளுத்திருந்தது. அவனுக்குப் பின்னால் நடையின் இருட்டில் என் மனைவி.

"சொல்லிட்டியாண்ணா?"

"சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

"என்ன சொன்னாங்க?"

அவர்களுக்கு முன்பே தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மூச்சு விட்டிருப்பான். சிரித்தும் இருப்பான். பிறகு என் மனைவி சிரிப்பாள். மத்தியானத்துக்குள் அது இந்த வீட்டில் ஒரு கதையாகியிருக்கும், தபால்காரர் வீடு வரை போயிருக்கும்.

"கேட்டுக்கிட்டாங்க" என்றேன்.

அவனைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். காலணிக் கயிறு ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது. விரலால் பிடிக்க முயன்றேன், பிடி கிடைக்கவில்லை. தம்பி வந்து என் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அவன் கை கயிற்றுக்கு வந்தது. நான் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"விடு. நான் பாத்துக்கறேன்."

"கை விறைச்சிருக்குண்ணா."

"விடுன்னு சொன்னேன்."

அவன் எழுந்து மாடிக்குப் போனான். மனைவி வெந்நீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காலணியோடு, விரல்களுக்கு உயிர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.